கதவு சாத்திய படம்

டிவிக்குக் கதவு இருந்த காலத்தைப் பற்றி நம் வயதுக்காரர்களிடம்தான் பேச முடியும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால், கதவு எதற்கு, உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள் என்றா என்று கேலி செய்கிறார்கள். உங்களுக்குத் தெரியும். நான்கு கால் வைத்த மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்துகிற பட்டைக் கதவு, நடுவில் ஒரு பூட்டு. பீரோவுக்குக் கொடுத்த மரியாதையை அதற்கும் கொடுத்தோம். அந்தக் கதவு நகரும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும், கடைக்காரர் ஷட்டரை இறக்குகிற மாதிரி, ஆனால் சின்னதாக. சில நாள் விடியற்காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு இன்னமும் விழிப்பு வருகிறது. எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

செஞ்சியில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு டிவி. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர் வீட்டில் இருந்தது. அவரை அவர் மகள் நைனா என்று கூப்பிட்டதால் தெருவில் இருந்த நண்டு சிண்டு எல்லாமே நைனா என்றுதான் கூப்பிட்டோம். மகள் எங்களுக்கு அக்கா. அம்மா இல்லாத பெண். அவளை வளர்த்து ஆளாக்கியது நைனாவின் கூடப் பிறந்தவள். அவளை நாங்கள் அத்தை என்போம். கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வெள்ளைப் புடவையோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நைனா கடையில் சிங்கம், வீட்டில் அத்தைக்கு முன்னால் பூனை.

நான் சொல்கிற மார்கழியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தையில் முகூர்த்தம். மாப்பிள்ளை அவலூர்பேட்டை, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த குடும்பம். அப்போதெல்லாம் நிச்சயமான பெண்ணும் பிள்ளையும் பேசிக்கொள்வது கிடையாது. ஆனால் அவர்கள் பேசிக்கொண்டார்கள். அது ஒரு இரும்புக் கம்பத்தால் நடந்தது.

ராஜகிரி மலை குறுக்கே நின்றதாலோ என்னவோ, மெட்ராஸிலிருந்து வருகிற படம் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடும். திரை முழுக்க வெள்ளைப் புள்ளியாகக் கொட்டும். செய்தி வாசிக்கிறவர் மழையில் நின்று வாசிப்பார். இது எப்படியோ மாப்பிள்ளையின் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் நீளமான கம்பம் ஒன்றை பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். அவரே மாடியேறி, பழைய மூங்கிலைக் கழற்றிவிட்டு, ஆன்டெனாவைப் புதுக் கம்பத்தில் கட்டித் தூக்கி நிறுத்தினார். மேலே இருந்து கத்தினார்.

"இப்ப தெரியுதா?"

கூடத்தில் நாங்கள் குழந்தைகள்தான். நைனா கடையில், அத்தை கொல்லையில். அடுப்படி நிலைக்குப் பின்னால் நின்ற அக்கா எங்களைப் பார்த்தாள். நாங்கள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டோம். அந்த வயதிலேயே நமக்கு எல்லாம் தெரியும் இல்லையா?

"தெரியுதாங்க?" என்று மறுபடியும் கேட்டார்.

"தெரியுது" என்றாள் அக்கா. முகமெல்லாம் சிவந்துபோய், சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போட்டார்கள். செக்கோஸ்லோவாகியா நாட்டுப் படம் என்று அறிவிப்பாளர் அம்மா சொன்னாள். நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கிச் சிரித்தோம். பாஷை புரியாது. கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் அது ஓடிவிடும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

மாவு அரைக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி. ஆற்றுத் தண்ணீரில் சுழல்கிற பெரிய சக்கரம்தான் அவர்கள் மில். தாடியெல்லாம் பனி தொங்குகிற ஒரு கிழவன் ஆற்றை உறைய வைத்துவிடுகிறான். சக்கரம் நின்றுபோகிறது. ஊரே பட்டினி. ஆற்றைத் திரும்பக் கேட்டு அந்தப் பெண் காட்டுக்குள் போய்க் கிழவன் வீட்டில் வேலைக்காரியாக இருக்கிறாள். வழி தவறிக் குதிரையில் வந்த ராஜகுமாரனுக்குத் தன் ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிறாள். அந்த ரொட்டியை அவள் பிட்ட விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரிய துண்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு, சின்னதைத் தானும் பெரியதாகக் கடிப்பது போலக் கடிப்பாள். வெயிலில் பாறை வெடிக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். கொட்டிக் குவிகிற பனி என்றால் என்னவென்று தெரியாது. அந்தக் காட்டைப் பார்த்ததும் பல் கிட்டியது போல உட்கார்ந்திருந்தோம். அக்கா எங்களுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிழவனுக்குக் கோபம் வந்து ராஜகுமாரன் மேல் ஊதினான். அவன் குதிரையிலிருந்து விழுந்தான். பனி கொட்டு கொட்டென்று கொட்டி அவன் முகத்தை மூடியது. குதிரை மட்டும் தனியாக நின்றது.

நைனா எழுந்தார். "த பாரு, மறுபடியும் கொட்டுது. இன்னா கம்பம் கட்னாரு மாப்ள?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போனார்.

"நைனா, அது பனி. படத்துலயே கொட்டுது" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். அவர் அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டிருந்தார்.

மேலே கம்பத்தைத் திருப்ப ஆரம்பித்தார். படம் சரிந்தது, நெளிந்தது, ஒரேயடியாகப் போய்விட்டது. "தெரியுதா?" என்று அவர் கத்த, "இல்ல" என்று நாங்கள் கத்த, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அவர் திருப்பிக்கொண்டே இருந்தார். படம் திரும்பி வந்தபோது கதை எங்கேயோ போயிருந்தது.

அந்தப் பெண் வெள்ளை உடுத்தியிருந்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. முக்காடு. தலை குனிந்திருந்தது. ராஜகுமாரனின் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள், குதிரை மேல் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் ஆண்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை நோக்கி நடந்தாள்.

செஞ்சிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கோட்டை ராஜா இளம் வயதில் குதிரை மேல் போருக்குப் போய்ப் பிணமாகத் திரும்பியவர். அவர் பெண்டாட்டி செட்டிகுளக் கரையில் தீயில் இறங்கியவள். எங்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதே இதைத்தான் பாடினார்கள். ஆளில்லாத குதிரையும் வெள்ளைப் புடவையும் நெருப்பும் எங்கே போய் முடியும் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

அத்தை எழுந்தாள். எந்தத் திருகைத் திருப்பினால் டிவி அணையும் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு கையாலும் கதவை இழுத்துச் சாத்தினாள். கடகடவென்று அந்தச் சத்தம். பிறகு கதவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல காரியம் வெச்ச வூட்டுல இத்தயா பாப்பாங்க?"

கதவுதான் சாத்தியிருந்தது, உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மணி ஒன்று அடித்தது. விட்டு விட்டு, கனமாக. "சாவு சேகண்டி அடிக்கிறாங்க, போயிட்டா" என்றாள் அத்தை, யாருக்கோ சொல்வது போல. மணிக்கு நடுவில் வேறு ஏதோ குரல் கேட்டது. நைனா இறங்கி வந்து டிவியை அணைத்துவிட்டார்.

நாங்கள் அழுதுகொண்டே வெளியே வந்தோம். அக்கா வாசல்வரை பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "கடைசில சிரிச்சா இல்ல? உனுக்குக் கேட்டுச்சா?"

எனக்கு மணிதான் கேட்டது. அழுகை மாதிரி இருந்தது என்று என்னோடு வந்தவள் சொன்னாள். அக்கா எங்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அந்த வாரமெல்லாம் எங்களைப் பயம் பிடித்து ஆட்டியது. மார்கழிப் பனிமூட்டத்தில் காலையில் ராஜகிரி தெரியாது. மூட்டம் விலகும்போது மலைமேல் வெள்ளையாக எதுவோ நகர்ந்தது என்று ஒருத்தி சொன்னாள். அப்புறம் எல்லாரும் பார்த்தோம், பார்க்காதவர்களும் பார்த்தோம். கதவைச் சாத்திவிட்டதால் அந்தப் பெண் வெளியே போக வழியில்லாமல் டிவிக்குள்ளேயே இருக்கிறாள் என்றும் ஒரு பேச்சு. நாங்கள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போவதையே விட்டுவிட்டோம். ஒரு மத்தியானம் அம்மா சர்க்கரை வாங்கிவரச் சொன்னதால் அந்த வீட்டுக்குப் போனேன். கூடத்தில் யாரும் இல்லை என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா தரையில் மண்டியிட்டு, சாத்திய டிவிக் கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை. கரண்டும் இல்லை. சர்க்கரை கேட்காமலே ஓடி வந்துவிட்டேன்.

அத்தை இதை விடவில்லை. பக்கத்து பாய் வீட்டம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா வெடுக்கென்று கேட்டது எங்கள் வீட்டுவரை கேட்டது. "வெள்ளன்னா சாவாம்மா? நா தெனம் வெள்ளத் துப்பட்டி போட்டுனுதான் கடைக்குப் போறேன். செத்தா போயிட்டேன்?"

"உங்க வழக்கம் வேற" என்றாள் அத்தை.

"அப்போ அந்தப் படத்துக்காரன் வழக்கமும் வேறயா இருந்துட்டுப் போவுது!"

அந்தத் தெருவில் அன்றைக்குச் சரியாகப் பேசியது அந்த அம்மா ஒருத்திதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தையின் பிடிவாதத்துக்குக் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் கல்யாணத்துக்கு முன்னாலும் ஏதோ ஒரு சகுனம் சரியில்லாமல் போயிருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொன்னவளைப் பெரியவர்கள் வாயடைத்துத் தாலி கட்டவைத்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அன்னைக்கு நா சொன்னத எவனும் கேக்கல. இன்னைக்கு கண்ணால பாத்துட்டு நா சும்மா வுட்டா நா மனுஷியா?" என்று அவள் நைனாவிடம் அழுததை என் அம்மா கேட்டிருக்கிறாள்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போனார்கள். அக்கா துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் வளையல் என் மணிக்கட்டில் பதிந்துவிட்டது. அங்காளம்மன் முன்னால் பூ வைத்துக் கேட்டார்கள். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் கல்யாணம், வெள்ளை வந்தால் வேண்டாம் என்று அத்தை மனதில் வைத்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்து யார் வீட்டுக் குழந்தையையோ கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அத்தை பிரிப்பதற்கு முன்பே அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

வெள்ளைதான் வந்தது.

நைனா கடையில் மாப்பிள்ளை வந்து நின்றபோது நான் அங்கே புளி வாங்கிக்கொண்டிருந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதைக் கேட்டுவிட்டு அவலூர்பேட்டையிலிருந்து நேராக வந்திருக்கிறார். சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசி. "ஜாதகத்துல ஒரு தோஷம் இருக்குது தம்பி" என்று நைனா தராசைப் பார்த்துச் சொன்னார்.

"ஜாதகம் பாத்துத்தானே மாமா தட்டு மாத்துனோம்?"

நைனா புளியைப் பொட்டலம் கட்டினார், பிரித்தார், மறுபடியும் கட்டினார். ஒரு சினிமாவைப் பார்த்துக் கல்யாணத்தை நிறுத்தினோம் என்று எந்த வாயால் சொல்வார்? கடைசியில் அவருக்குச் சொல்லக் கிடைத்தது இதுதான்: "அந்தக் கம்பத்த அவுத்துனு போறியா?"

மாப்பிள்ளை சட்டைத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வாணாம் மாமா. இருக்கட்டும். அவங்களுக்குப் படம் தெரியணும் இல்ல?"

பஸ் ஸ்டாண்டை நோக்கி அவர் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புளியை வாங்கியதும் தெரியவில்லை, வீட்டுக்கு வந்ததும் தெரியவில்லை. அந்த வயதில் எனக்கு வந்த முதல் பெரிய கோபம் அதுதான். பெரியவர்கள் மேல் வந்த கோபம்.

தை பிறந்து, முகூர்த்த நாளும் வந்து போனது. அன்று சாயங்காலம் அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்கு நடந்தாள். செட்டிகுளத்துப் படியில் உட்கார்ந்தோம். தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. "ஆளுக்கொரு முடிவு சொல்லுங்க" என்றாள். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். நெருப்பு அணைந்துபோனது என்று ஒருத்தி, குதிரை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது என்று ஒருவன். கிழவன் மனம் மாறினான் என்று நான் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினாள், நம்பவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வரன்களையெல்லாம் அவள் தட்டிக்கழித்தாள். அத்தையே காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அசையவில்லை. நைனா போன பிறகு கடையை அவளே எடுத்து நடத்தினாள். கடைசிக் காலத்தில் படுக்கையில் விழுந்த அத்தையைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். அவலூர்பேட்டைக்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார் என்று கேள்வி. நான் கல்யாணமாகி மெட்ராஸுக்கு வந்துவிட்டேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கா கல்லாவில் உட்கார்ந்தபடி ஒரு பிடி பொட்டுக்கடலை கொடுப்பாள். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகு சாதாரணமாகக் கேட்பாள், "அந்தப் படம் எங்கனா கெடச்சுதாடி?"

போன வருஷம் கிடைத்தது. மில், பனித்தாடிக் கிழவன், குதிரை என்று எனக்குத் தெரிந்ததை என் மகளிடம் சொன்னேன். அவள் போனில் எதையெதையோ தட்டித் தேடி எடுத்துக் கொடுத்தாள். நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் அங்கே இன்றைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் படத்தைப் போடுகிறார்களாம். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து, மனப்பாடமான வசனத்தைக் கூடவே சொல்லிக்கொண்டு பார்க்கிறார்களாம். ஒரு நாடே வருஷம் தவறாமல் பார்த்த முடிவு, எங்கள் தெருவில் ஒரு பட்டைக் கதவுக்குப் பின்னால் நின்றுபோயிருக்கிறது. நான் முதலில் பார்க்கவில்லை. அக்கா பார்க்காமல் நான் பார்ப்பது நியாயமில்லை என்று தோன்றியது. பஸ் ஏறிவிட்டேன்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். டிவி இருந்த மூலையில் இப்போது அரிசி மூட்டை. ஜன்னல் வெயில் போனில் விழுந்து கூசியது. சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "தெரியுதாக்கா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தாள். "தெரியுது" என்றாள்.

கலர்ப் படம். நாங்கள் பார்த்தது கறுப்பு வெள்ளைப் பெட்டியில். ரொட்டி பிட்டுக் கொடுக்கிற இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம், அதே மாதிரிதான் பிட்டாள். ராஜகுமாரன் விழுந்தான். பனி கொட்டியது. நைனா கம்பத்தைத் திருப்பிய இடம் வந்தது. அந்தப் பெண் அவன் முகத்துப் பனியைத் துடைத்துவிட்டு அழ, அவள் கண்ணீர் பட்ட இடத்தில் ஆறு விரிசல் விட்டுப் பிளந்தது, சக்கரம் அசைந்தது. இமையில் பனியோடு அவன் கண்ணைத் திறந்தான்.

"த பார்றா. இத்தத்தான் எங்க நைனா திருப்பிட்டாரு" என்றாள் அக்கா.

பிறகு அவள் வந்தாள், குதிரையைப் பிடித்துக்கொண்டு, தீப்பந்தங்களுக்கு நடுவில். அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அந்தப் பெண் உடுத்தியிருந்தது வெள்ளை இல்லை.

"மஞ்சளாடி இது?"

"மஞ்சதான்க்கா."

இளமஞ்சள். கல்யாணத்தன்று அரைத்துப் பூசியது போன்ற மஞ்சள். நெருப்பு, ஊரார் குளிர் காயப் போட்ட நெருப்பு. அதற்கு அந்தப் பக்கம் ராஜகுமாரன் நின்றுகொண்டிருந்தான். அவள் நெருப்பைச் சுற்றிக்கொண்டு அவனிடம் போனாள்.

சுவரில் அத்தையின் படம் பிளாஸ்டிக் மாலையோடு தொங்கியது. "உனக்குக் கோவமே வரலையாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"வராம? ஆனா யார் மேல வெக்கறது? கண்ணுக்குத் தெரிஞ்சத அவ பாத்தா. பொட்டில கலர் இல்ல." கொஞ்ச நேரம் அத்தையின் படத்தையே பார்த்தாள். "இது தெரியாமலே போயிட்டது நல்லதுடி. என்னைக் காப்பாத்திட்டோம்னு நெனச்சித்தான் கண்ண மூடினா."

பிறகு, படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளு என்றாள். தள்ளிக் கொடுத்தேன். அவள் போனைப் பார்க்கவில்லை. திரை கீழே இருக்கும்படி மடியில் கவிழ்த்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். மணி அடித்தது. விட்டு விட்டு, கனமாக, அன்றைக்கு அடித்த அதே மணி. அதற்கு நடுவில் ஒரு பெண் குரல்.

"சிரிப்புதான்டி" என்றாள் அக்கா. "எனுக்கு அன்னைக்கே கேட்டுச்சு."